இறக்கிய வாத்தியம்

என் வீட்டுக்காரர் பாண்டு செட்டில் டிரம்பட் ஊதுகிறவர் என்று சொன்னால், அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை யார் பார்த்தார்கள்? சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக முன்னால் நடந்துபோன இவரைத்தான் பார்த்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு நாள்கூட அவரிடம் அதைச் சொன்னது கிடையாது. சொன்னால் தலைகால் புரியாது அவருக்கு. அதோடு, எங்கள் பெரம்பலூர் வீட்டுக் கொல்லையில் காலையும் மாலையும் அந்தப் பித்தளையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. “அக்கம்பக்கத்துல மனுசங்க குடியிருக்காங்க, கொஞ்சம் மூடுங்க” என்றுதான் சொல்வேன். அவர் கண்ணால் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சத்தமாக ஊதுவார்.

அப்புறம் இருமல் வந்தது. முதலில் சளி என்றோம். வேப்பிலையும் மிளகும் அரைத்துக் கொடுத்தேன். கரி பஸ் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார். அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், பெட்ரோல் கிடையாது, பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிற மனிதர் அந்தப் புகையைக் குடிக்காமல் இருக்க முடியாது என்று நானும் நம்பினேன். ஒரு நாள் அவர் கைக்குட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் அதில் ரத்தத்தைப் பார்த்தேன். திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு, எலும்புருக்கி என்றார். “ஒரு வருஷத்துக்கு வாத்தியத்தத் தொடக்கூடாது. தொட்டா அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டிரம்பட்டின் வாய்க்குழலைக் கழற்றித் தவிட்டுப் பானைக்குள் புதைத்து வைத்தேன். மாட்டுக்குத் தவிடு அள்ளுகிறபோதெல்லாம் விரல் அதில் இடிக்கும். அவர் ஒரு தடவைகூட எங்கே என்று கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் பிறந்த ஊர் அரியலூருக்குக் கிழக்கே இருக்கிறது. பெயர் எதற்கு? அங்கே அம்மன் தேர்த் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. கீழத் தெருக்காரர்கள் ஒரு பாண்டு செட்டு கொண்டுவருவார்கள், மேலத் தெருக்காரர்கள் ஒரு செட்டு கொண்டுவருவார்கள். இரண்டு செட்டும் தேரடியில் எதிரும் புதிருமாக நிற்கும். ஒரு செட்டு ஒரு நோட்டு, அதாவது ஒரு மெட்டு, ஊதினால் மற்ற செட்டு அதற்குப் பதில் ஊத வேண்டும். இப்படியே மாறி மாறிப் போகும். கடைசியில் எந்தத் தலைமைக்காரர் முதலில் வாத்தியத்தை இடுப்புக்குக் கீழே இறக்குகிறாரோ அவர் தோற்றவர். தோற்றவர் சத்திரத்துக்குப் போய் இலை போட்டுச் சாப்பிடலாம். ஜெயித்தவருக்குத்தான் வேலை. தேருக்கு முன்னால் நாலு வீதியும் அவர் ஊதிக்கொண்டே போக வேண்டும். தேரடியில் எந்த வாய் ஜெயித்ததோ அந்த வாய்தான் ஊத வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேருகிறவரை ஊதல் நிற்கக் கூடாது. நின்றால் ஊருக்கு ஆகாது என்பார்கள். ஏதோ ஒரு வருஷம் நின்றதாம், மாரியே பெய்யவில்லையாம். இதைச் சொல்லித்தான் எங்களைச் சின்ன வயதிலிருந்தே பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

மேலத் தெரு எங்கள் தெரு. ஊர் மாப்பிள்ளையே டிரம்பட்காரராக இருக்கும்போது வேறு செட்டை எதற்குத் தேடுவார்கள்? திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் என் அண்ணன் பெரம்பலூர் வந்து இறங்கினான். கீழத் தெருக்காரர்கள் திருச்சியிலிருந்து ஒரு சட்டைக்காரரைக் கூட்டி வருகிறார்களாம். வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்து ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். அந்த ஆள் ரயில்வே காலனியில் துரைமார் ஆடுகிற டான்ஸுக்கு ஊதுகிறவராம்.

“மாப்ள வந்து நின்னா போதும் தங்கச்சி. ஊத வேணாம். கூட இருக்கற பையன் ஊதட்டும். இவரு தலைமைன்னு சும்மா நிக்கட்டும்” என்றான் அண்ணன்.

“நிக்கறதுக்கு ஒரு மூங்கில நட்டு வெச்சுக்கங்க. இவரு எதுக்கு?” என்றேன்.

“ஏன் புள்ள கோவப்படற? தெருவுக்கு மானம் போயிடும்ல?”

“ஒங்க மானத்துக்கு எம் புருசன்தான் கெடச்சாரா? டாக்டர் சொன்னத ஒனக்கு எத்தன வாட்டி சொல்றது?”

அண்ணன் அவரைப் பார்த்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. “நின்னா என்ன? சும்மாத்தானே நிக்கப் போறேன். நீயும் வா, பக்கத்துலேயே இரு” என்றார். அவ்வளவுதான், முடிந்துபோயிற்று. நான் கத்தியது, அழுதது, சோறு வடிக்காமல் படுத்துக்கொண்டது எல்லாம் பிறகு நடந்தது, ஆனால் ஒன்றும் பலிக்கவில்லை. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தெரு மானத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டால் அங்கே பொம்பளை பேச்சு ஏறுமா?

கரி பஸ்ஸில் அரியலூர் போனோம். மேட்டில் வண்டி திணறியது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள், அவர் மட்டும் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். எப்போதும் முதலில் குதித்து இறங்கித் தள்ளுகிற மனிதர். அரியலூரில் மாட்டு வண்டி காத்திருந்தது. வழியெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டே வந்தான்.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் காஸ் லைட் பிடிக்க வழியில்லை. அதனால் அந்த வருஷம் இருட்டுவதற்குள் தேரை நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மத்தியானம் சாப்பாடு ஆனதுமே தேரடியில் கூட்டம் கூடிவிட்டது. பந்தல் இல்லை, ஒன்றுமில்லை. வெட்டவெளி, வெயில். இரண்டு செட்டுக்கும் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்கள் வடபக்கமாகக் கயிற்றுக்கு வெளியே நின்றோம். எனக்கு வலப்பக்கம் எங்கள் செட்டு, இடப்பக்கம் திருச்சி செட்டு. இரண்டு பேர் முகமும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சட்டைக்காரர் வாட்டசாட்டமான மனிதர். தலையில் தொப்பி, வியர்வையில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பையன் முதலில் ஒரு கல்யாண நோட்டு ஊதினான். பாவம், நன்றாகத்தான் ஊதினான். அதற்குச் சட்டைக்காரர் பதில் ஊத ஆரம்பித்தார் பாருங்கள், அப்படி ஒன்றை அந்த ஊர் கேட்டதில்லை. தாளம் ஒரு பக்கம் போனால் இவர் கொஞ்சம் பின்னால் தங்கி, போக்குக் காட்டி, அப்புறம் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். மதினி கொழுந்தனைக் கேலி பேசுகிற மாதிரி இருந்தது. முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை மறந்து தலையாட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பையனுக்கு என்ன பதில் ஊதுவது என்று தெரியவில்லை. அதே கல்யாண நோட்டைத் திரும்ப ஊதினான். கீழத் தெருக்காரர்கள் விசிலடித்தார்கள்.

அப்போது என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். டிரம்பட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு தானாக அசைந்தது. அப்புறம் கோட்டுப் பையில் கை போனது. கை வெளியே வந்தபோது பையின் ஓரமெல்லாம் தவிடு. அட பாவி மனுஷா! பானையில் இருந்ததை எப்போது எடுத்தார்? வாய்க்குழலை வேட்டியில் துடைத்து, மாட்டி, என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மன்னித்துக்கொள் என்கிற பார்வை இல்லை அது. பசியோடு இருக்கிறவன் இலையைப் பார்க்கிற பார்வை.

ஊதினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் பொய் சொல்லக் கூடாது, அவர் அப்படி ஊதி நானே கேட்டதில்லை. சட்டைக்காரர் போக்குக் காட்டிய இடத்தில் இவர் நையாண்டி மேளக்காரர்கள் பிடிக்கிற ஒரு பிடியைப் பிடித்து இழுத்தார். சட்டைக்காரர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். மேலத் தெரு முழுக்கத் துண்டைச் சுழற்றியது. அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, சண்டை மாதிரியே இல்லை. ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த இரண்டு சிநேகிதர்கள் கதை பேசுவது போல இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்து, “ஒன் வூட்டுக்காரரா இப்படி ஊதறாரு?” என்று வியந்தார்கள்.

ஒரு முறைக்கு நடுவே அவர் திரும்பிக் கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தார். மடித்துப் பைக்குள் திணித்தார். கூட்டத்துக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எதிரே நின்ற சட்டைக்காரருக்கும் தெரிந்தது. அந்தச் சிவந்த முகம் ஒரு நொடியில் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

அடுத்த முறை இவர் ஊதும்போது குரல் நடுங்கியது. கொல்லையில் நாள்தோறும் கேட்டவள் நான், எனக்குத் தெரியாதா? முழங்கை மெல்லக் கீழே வந்தது. இறக்கப் போகிறார் என்று புரிந்தது. தாயே, இறக்கட்டும். தெரு மானம் போனால் போகட்டும், அண்ணன் என் முகத்தில் முழிக்காவிட்டால் போகட்டும். தோற்றுவிட்டுச் சத்திரத்தில் போய்ப் படுக்கட்டும். இன்னும் ஒரே ஒரு முறை சட்டைக்காரர் ஊதினால் போதும், இவர் அதோடு இறக்கிவிடுவார்.

சட்டைக்காரர் டிரம்பட்டை எடுத்தார். வாயில் வைத்தார். ஊதவில்லை. இவர் கைக்குட்டை வைத்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்பது வெள்ளை வேட்டியில் பட்ட கறை மாதிரி எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. இந்த மனிதனைத் துன்புறுத்தக் கூடாது, நான் நிறுத்திவிட்டால் இவனுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைக்கிறார். வெளியூர்க்காரர். தோற்றவருக்குத்தான் ஓய்வு, ஜெயித்தவருக்கு நாலு வீதி என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? கீழத் தெருக்காரர்கள் ஜெயிக்கக் கூட்டி வந்தார்கள், தோற்றால் என்ன ஆகும் என்று எதற்குச் சொல்லப் போகிறார்கள்?

இரண்டு செட்டு டிரம்மும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. நான் தொண்டை கிழியக் கத்தினேன், பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பிறந்த ஊரில், பெரியவர்கள் முன்னால், தலை முந்தானை நழுவியது தெரியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கித் தூக்கிக் காட்டினேன். இறக்காதீர்கள் ஐயா, தூக்குங்கள், தூக்கி ஊதுங்கள்!

சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். தலையை லேசாகக் குனிந்தார். டிரம்பட்டை மெதுவாகத் தொடைக்குப் பக்கத்தில் இறக்கினார்.

வெடி வெடித்தது. மேலத் தெரு எழும்பிக் குதித்தது. வடத்தில் கை வைத்துக் காத்திருந்தவர்கள் ஓவென்று ஒரே இழுப்பு, தேர்ச் சக்கரம் உருண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் டிரம்பட்டை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. ஊதிக்கொண்டே தேருக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, நிறுத்தச் சொல்லு! ரத்தம் வருது அண்ணே!” என்று அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். அவன் ஆனந்தத்தில் அழுதுகொண்டிருந்தான். “சட்டைக்காரனையே இறக்க வெச்சுட்டாரு தங்கச்சி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். பிறகு நான் சொன்னது மண்டையில் ஏறி முகம் செத்துப்போனது. ஏறி என்ன செய்ய? “சக்கரம் உருண்டுடுச்சேம்மா” என்றான்.

தேர் கிழக்கு வீதி தாண்டித் தெற்கே திரும்பியது. நான் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓரமாகவே ஓடினேன். கொடுக்க முடிந்தால்தானே! மேற்கு வீதியில் என் பிறந்த வீட்டுக்கு முன்னால் ஆரத்தி எடுத்தார்கள், அவர் கண்ணில் நீர் வழிந்தது, ஊதினார். வடக்கு வீதியில் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. கட்டை போட்டார்கள், கடப்பாரை போட்டார்கள், தேர் அசையவில்லை. தேர் நின்றாலும் ஊதல் நிற்கக் கூடாது.

அங்கேதான் சட்டைக்காரர் ஓடி வந்தார். யாரோ சத்திரத்தில் சாப்பிடும்போது வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள், எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார். இவர் பக்கத்தில் போய் நின்று டிரம்பட்டை எடுத்தார். நாலு பேர் மறித்தார்கள்.

“இறக்குன வாத்தியம் தேருக்கு ஆவாதுங்க சார். நீங்க போயி சாப்புடுங்க.”

“அவருக்கு ரத்தம்! பாருங்க, ரத்தம் வருது! நான் ஊதறேன், அவரை விடுங்க!” அவருக்குத் தமிழ் சரளமாக வராது, ஆனாலும் புரியாமல் இல்லை.

“தோத்துட்டு வந்து என்னென்னமோ பேசறாரு” என்று சிரித்துக்கொண்டே அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விட்டார்கள். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“அம்மா, நீங்கதானே கேட்டீங்க? கை தூக்கி, நிறுத்தச் சொல்லிக் கேட்டீங்களே?”

“நிறுத்தாதீங்கன்னு கேட்டேன் சாமி! தூக்குங்கன்னு கேட்டேன்!” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் செம்பும் டிரம்பட்டுமாக அந்த மதகுப் பக்கத்தில் சும்மா நின்றோம். கடைசியில் சக்கரம் மேலே ஏறியது.

பொழுது சாயத் தேர் நிலைக்கு வந்தது. அவர் டிரம்பட்டைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரக் கட்டையில் உட்கார்ந்தார். கழுத்தில் மாலைக்கு மேல் மாலையாகப் போட்டார்கள். அண்ணன் சோடா உடைத்துக் கொடுத்தான். சோடாவில் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு பெரம்பலூர் வீட்டில் படுக்கைதான். மறுபடி டாக்டரிடம் போனோம், அவர் திட்டக்கூட இல்லை, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் இவர் தேரடிக் கதையை ஆரம்பித்துவிடுவார். “இறக்க வெச்சுட்டோம்ல?” என்பார். பேசினால் இருமல் வரும். பேசாதீர்கள் என்றால் கேட்க மாட்டார். அதைப் பேசுகிறபோது மட்டும்தான் முகத்தில் களை இருந்தது, அதனால் நானும் அப்புறம் விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் சட்டைக்காரர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு, ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சோடு வாசலில் நின்றார். இவருக்கு எழுந்து உட்காரவே முடியாது, அன்றைக்கு உட்கார்ந்தார். என்னை நாற்காலி இரவல் வாங்கி வரச் சொன்னார். சட்டைக்காரர் அதில் உட்காராமல் பாய் ஓரத்தில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டிக்கொண்டார். நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

“சார், நெசத்தச் சொல்லுங்க. அன்னிக்கி ஏன் எறக்குனீங்க?” என்று இவர் கேட்டார்.

என் கை நின்றுவிட்டது. சட்டைக்காரர் என்னைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

“மூச்சு பத்தல” என்றார். “ஒங்க மாதிரி எனக்கு மூச்சு இல்ல.”

ஒரு மூட்டை நெல்லை ஒற்றை ஆளாய்த் தூக்குகிற உடம்பு அவருக்கு. ஆனாலும் மூச்சு பத்தவில்லை என்றதை இவர் நம்பினார். நம்பிச் சிரித்தார், இருமினார், நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமல் அடங்கியதும் சட்டைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா சார்? ஒங்களுக்கு முந்தி நான்தான் எறக்கியிருப்பேன். முடியல. முழங்கை கீழ வந்துடுச்சு. சரி, எறக்கிட்டுப் போயிப் படுப்போம்னு நெனச்சேன். அப்பத்தான் இவளப் பாத்தேன். ஊரே பாக்குது, கயித்தத் தாண்டி வந்து நின்னுகிட்டு ரெண்டு கையயும் தூக்கறா. தூக்குங்க, தூக்குங்கன்னு. கட்டுன நாள்லேருந்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல சார் இவ. அன்னிக்கி அப்படிக் கை தூக்கறா. அதுக்கப்பறம் நான் எப்புடி எறக்குவேன்? இன்னும் நாலு வீதி இருந்தாலும் ஊதியிருப்பேன்.”

சட்டைக்காரர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தக் கை யாருக்குத் தூக்கியது என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இவர் என் பக்கம் திரும்பினார். “என்ன புள்ள, பேசாம இருக்க? என்னப் பாத்துத்தானே தூக்குன?”

உரித்த சுளையை அவர் வாயில் வைத்தேன்.

“பின்ன வேற யாரப் பாத்துத் தூக்குவேன்?” என்றேன்.